ரேகை வைத்த ஊர்கள்

உசிலம்பட்டிச் சீமையில் பொழுது சாய்ந்ததும் வயதுவந்த ஆண்கள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர்ச் சாவடிக்கோ போலீஸ் கச்சேரிக்கோ நடந்த காலம் ஒன்று இருந்தது. ஏட்டு பேர் வாசிப்பார். ஒவ்வொருவரும் குரல் கொடுக்க வேண்டும். விடியும்வரை அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். முந்தின நாள் தாலி கட்டிய மாப்பிள்ளைக்கும் விலக்கு கிடையாது என்று அந்தப் பக்கத்து வயசாளிகள் சொல்லிச் சொல்லி, அது ஊர்க்கதையாகவே நிலைத்துவிட்டது. வெளியூரில் இழவு விழுந்தால்கூட ‘ராதாரிச் சீட்டு’ இல்லாமல் கிளம்ப முடியாது. எந்த ஊர், என்ன காரியம், எத்தனை நாள் என்று எழுதி வாங்கிப் போய், போன ஊரில் காட்டி, திரும்பி வந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும்.

எந்தக் களவு வழக்கிலும் சிக்காதவர்களும் அந்த வரிசையில் படுத்திருந்தார்கள். அவர்கள் மேல் இருந்த ஒரே வழக்கு, பிறந்த சாதி.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஏட்டிலும், ரேகைச் சட்டம் என்று ஊர் வாயிலும் வழங்கிய அந்தச் சட்டம் 1871இல் வட இந்தியாவுக்காகப் பிறந்தது. 1911இல் திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரையை ஒட்டிய சமணர் மலை அடிவாரத்தில் இருக்கும் கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மேல் 1914இல் அது பாய்ந்தது. 1918 வாக்கில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் வளையத்துக்குள் வந்தது. குறவர்கள், மறவர்களில் ஒரு பிரிவினர், இன்னும் எத்தனையோ சமூகங்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்ந்தன. ஒரு கூட்டத்தை அரசாங்கம் குற்றப் பரம்பரை என்று அறிவித்துவிட்டால், அது சரியா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. அறிவிப்பே சாட்சியம், அறிவிப்பே தீர்ப்பு.

இப்படி ஒரு சட்டம் எழுத, முதலில் ஒரு கொள்கை வேண்டும். குற்றம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஒரு பதில் கையில் இருக்க வேண்டும்.

1830களில் மத்திய இந்தியாவில் ஜபல்பூரை மையமாக வைத்து ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஸ்லீமன் தக்கர் என்ற வழிப்பறிக் கொலைக் கூட்டத்தாரை வேட்டையாடியபோதே அந்தப் பதிலின் முதல் வடிவம் கிடைத்துவிட்டது. 1836இல் வந்த சட்டத்தின்படி, தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை கொடுத்துவிடலாம். இன்ன கொலையை இன்ன நாளில் செய்தான் என்று காட்ட வேண்டியதில்லை. 1871இல் ஆங்கிலேய அதிகாரிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி; ஆகவே திருடன் மகன் திருடனாகத்தான் இருப்பான் என்பது அவர்கள் வாதம். சாதியைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அரைகுறை அறிவு அப்படியே குற்றவியலாக மாறியது.

இதே காலத்தில் ஐரோப்பாவில் இரண்டு பதில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. பிரான்ஸ் 1825ஆம் ஆண்டிலிருந்து தன் நீதிமன்ற வழக்குகளை ஆண்டுதோறும் அட்டவணை போட்டு வெளியிட ஆரம்பித்தது. எத்தனை கொலை, எத்தனை திருட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் ஆணா பெண்ணா, வயது என்ன, எழுதப் படிக்கத் தெரியுமா என்று எல்லாம் அதில் இருந்தது. அந்த அட்டவணைகளைக் கையில் எடுத்த ஆந்திரே மிஷேல் கெரி என்ற வழக்கறிஞர், 1833இல் பிரான்சின் வரைபடத்தில் குற்றம் மிகுந்த வட்டாரங்களுக்குக் கருமை பூசிக் காட்டினார். படிப்பு பரவினால் குற்றம் குறையும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். வரைபடம் அதற்கு ஒத்துப்போகவில்லை. பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்லே இன்னொன்றைக் கவனித்தார். கொலைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, கத்தியால் எத்தனை, துப்பாக்கியால் எத்தனை என்பதுகூட வருஷா வருஷம் ஏறத்தாழ ஒரே அளவில் வந்துகொண்டிருந்தது. குற்றத்தைத் தயார் செய்வது சமூகம், குற்றவாளி அதன் கைக்கருவி என்ற முடிவுக்கு அவர் வந்தார். வெளியில் தெரியவராத குற்றங்கள் எத்தனை என்பது யாருக்கும் தெரியாது என்பதையும் 1835 வாக்கிலேயே அவர் எழுதிவைத்துவிட்டார்.

இன்னொரு பதில் இத்தாலியிலிருந்து வந்தது. சேசரே லொம்ப்ரோசோ என்ற மருத்துவர், வில்லெல்லா என்ற கலாப்ரியத் திருடனின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். பின்மண்டையின் உட்புறத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு குழி. மிருகத்திடமும் ஆதிமனிதனிடமும் இருக்க வேண்டியது இவனிடம் இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. 1876இல் வெளிவந்த அவருடைய புத்தகம், பிறவிக் குற்றவாளி என்று ஒரு மனித வகை உண்டு, தாடையையும் காதையும் நெற்றியையும் அளந்தே அவனை அடையாளம் கண்டுவிடலாம் என்றது.

அதைச் சோதித்துப் பார்க்க இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்தார். பக்கத்திலேயே பல்கலைக்கழக மாணவர்களின் அளவுகளையும் படைவீரர்களின் அளவுகளையும் வைத்து ஒப்பிட்டார். குற்றவாளிக்கென்று தனி உடல் வார்ப்பு எதுவும் தென்படவில்லை. அவருடைய புத்தகம் லண்டனில் வெளிவந்தது 1913இல். அடுத்த வருஷம்தான் கீழக்குயில்குடி அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவில் ஆட்டம் கண்டுவிட்ட கொள்கை, மதுரையில் அரசாணையாக வந்து இறங்கியது.

சென்னையில் அதற்கான களம் ஏற்கெனவே உழுது வைக்கப்பட்டிருந்தது. போலீஸ் அதிகாரி எஃப்.எஸ். முல்லாலி 1892இல் மாகாணத்தின் ‘குற்ற வகுப்பினர்’ பற்றி ஒரு கையேடு வெளியிட்டார். எந்தச் சாதி எப்படிக் கன்னம் வைக்கும், எந்த வேஷத்தில் வரும், என்ன பரிபாஷை பேசும் என்று காவலர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் புத்தகம் அது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், அங்கே வந்தவர்களையும் ஊர் ஊராகப் போய்ப் பிடித்தவர்களையும் நிறுத்திவைத்து மூக்கையும் தலையையும் இடுக்கியால் அளந்துகொண்டிருந்தார். 1909இல் 7 தொகுதிகளாக அவர் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளின் தொகுப்பில், ஒரு சமூகத்தின் திருமணச் சடங்குக்கும் தெய்வ வழிபாட்டுக்கும் பக்கத்திலேயே அதன் திருட்டு முறைகளும் ‘வழக்கம்’ போலப் பதிவாகின. போலீஸ் ஆண்டறிக்கைகளோ மக்கள்தொகையில் இந்தச் சாதியின் பங்கு இவ்வளவு, கொள்ளை வழக்குகளில் அதன் பங்கு இவ்வளவு என்று இரண்டு சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டின. அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த இரண்டு சதவீதங்களுக்கு நடுவில் காணாமல் போனது ஒரு நூற்றாண்டு வரலாறு.

மதுரைச் சீமையில் கள்ளர்கள் காவல்காரர்கள். ஊருக்கும் களத்துமேட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் காவல் இருந்து, அறுவடையில் பங்கு வாங்குவது அவர்கள் பாத்தியதை. காவல் ஊரில் களவு போனால் காவல்காரரே கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். களவுபோன மாட்டைத் தேடிக் கொண்டுவந்து விடுவதற்கு ஒரு கூலி உண்டு. அதற்குத் துப்புக்கூலி என்று பெயர். காவல் கூலி தராத ஊரில் மாடு காணாமல் போவதும், துப்புக்கூலி கொடுத்ததும் அது திரும்பி வருவதும் நடந்ததுதான். காப்பவனும் கவர்பவனும் சில சமயம் ஒருவனாகவே இருந்த அந்த ஏற்பாட்டில் மிரட்டலும் இருந்தது, ஒழுங்கும் இருந்தது. கள்ளர் சமூகத்தை மறுபடி ஆராய்ந்து 1978இல் ஒரு கட்டுரை எழுதிய ஸ்டுவர்ட் பிளாக்பர்ன், இந்தக் காவல் முறையைக் கழித்துவிட்டுப் பார்த்ததால்தான் ஆங்கிலேயர் கண்ணுக்கு வெறும் திருடர் கூட்டம் தெரிந்தது என்று வாதிட்டார்.

1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. சம்பளம் வாங்கும் காவலர் ஒருபுறம், நெல் வாங்கும் காவல்காரர் மறுபுறம். ஒரே ஊருக்கு இரண்டு காவல் இருக்க முடியாது என்று சர்க்கார் நினைத்தது. நேற்றுவரை கூலியாக இருந்தது அதற்குமேல் பணப்பறிப்பு ஆனது. 1896இல் திண்டுக்கல், மதுரை வட்டாரங்களில் மற்ற சாதியினர் திரண்டு, மாடு பறிகொடுத்தவருக்கு ஈடு கொடுக்க ஒரு நிதி திரட்டி, கள்ளர் காவலே வேண்டாம் என்று எழுந்தார்கள். அந்த ‘பண்டு’க் கலகத்தில் கள்ளர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, பலர் ஊரைவிட்டே வெளியேறினார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான் பெரியாறு அணைத் தண்ணீர் மதுரைக்கு வந்திருந்தது. மேலூர்ப் பக்கம் இருபோகம் விளைந்தது. உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரியாகவே வானம் பார்த்துக் கிடந்தது.

குறவர்களின் கதை வேறு தடத்தில் போய் அதே இடத்தில் முடிகிறது. கடலோர அளங்களில் உப்பை ஏற்றி, பொதிமாடுகளில் உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றியவர்களில் அவர்களும் உண்டு. 1805இல் உப்பு சர்க்கார் ஏகபோகமானது. 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது. தண்டவாளம் நீள நீள, மாட்டுப் பாதைகளில் புல் முளைத்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் மிச்சமிருந்த மாடுகளையும் கொண்டுபோனது. வியாபாரம் போன பின்னும் அலைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, எந்தத் தொழிலும் இல்லாமல் திரிகிறவன் திருடாமல் எப்படிப் பிழைப்பான் என்று போலீஸ் கேட்டது. மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிரித்துக் காட்டுகிறது.

சட்டம் வந்தது, பட்டியல் வந்தது. ஆளை அடையாளம் காண ஒரு கருவி வேண்டுமே. அதுவும் இந்தியாவிலேயே பக்குவப்பட்டிருந்தது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். பிறகு அது விரல் ரேகையாகச் சுருங்கியது. பிரான்சிஸ் கால்டன் 1892இல் எழுதிய புத்தகம் அதற்கு அறிவியல் அந்தஸ்து கொடுத்தது. பரம்பரை ஆராய்ச்சியில் ஊறியவர் கால்டன். ஒரு மனிதனின் இனத்தையும் குணத்தையும் ரேகையில் படித்துவிடலாம் என்று அவர் ஆசைப்பட்டார். பல இனத்தவர், பலதரப்பட்ட மனிதர்கள் என்று ரேகைகளைச் சேர்த்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஆள் யார் என்று ரேகை சொல்லும், எப்படிப்பட்டவன் என்று சொல்லாது.

கல்கத்தாவில் போலீஸ் அதிகாரி எட்வர்டு ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் அந்த ரேகைகளை வகைப்படுத்தும் வழியைச் செம்மைப்படுத்தினார்கள். பத்து விரலிலும் சுழி எங்கெங்கே விழுகிறது என்பதை எண்ணாக மாற்றினால், குறுக்கே 32, நெடுக்கே 32 என்று மொத்தம் 1,024 அறைகள் கொண்ட அலமாரியில் எந்தத் தாளையும் சட்டென்று எடுத்துவிடலாம். 1897இல் உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு கல்கத்தாவில் தொடங்கியது. ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது 1901இல். முறைக்குப் பெயர் மட்டும் ஹென்றி முறை என்று நிலைத்தது.

தனி மனிதனைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே உருவான அந்தக் கருவியை வைத்து, ஊர் ஊராக, சாதி சாதியாக மொத்தப் பேரையும் பதிய வைத்ததுதான் சென்னை மாகாணத்தில் நடந்த விசித்திரம்.

பதிவான பிறகு கணக்கு எப்படி ஓடியது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டு இரவு ஆஜருக்கு வரவில்லை. அது சட்டப்படி குற்றம், சிறை உண்டு. ராதாரிச் சீட்டு இல்லாமல் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனார், அதுவும் குற்றம். இந்தத் தண்டனைகள் எல்லாம் அவர் பெயருக்கு நேரே ஏறும். சட்டத்தில் குறிப்பிட்ட களவுக் குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் 7 வருஷத்துக்குக் குறையாத சிறை, மூன்றாம் முறை ஆயுளுக்கும் நாடுகடத்தல் என்று 1911 சட்டம் விதித்தது. வேறு சாதிக்காரர் அதே திருட்டைச் செய்தால் சாதாரணத் தண்டனைச் சட்டப்படிதான் வழக்கு. வருஷக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது இந்தச் சாதியில் தண்டனை பெற்றவர்கள் அதிகம் என்று வரும். அந்த எண்ணே அடுத்த ஊரைப் பட்டியலில் சேர்க்க ஆதாரமாகும். எங்காவது களவு போனால் போலீஸ் முதலில் தட்டுவது பதிவேட்டில் இருக்கும் வீட்டுக் கதவை. தேடிய இடத்தில்தானே கிடைக்கும்.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் இந்தக் கணக்கு ரத்தத்தில் முடிந்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் திரண்டு நின்றது. பதிவு செய்ய வந்த அதிகாரிகளோடு ஆயுதப் போலீசும் வந்திருந்தது. பேச்சு தடித்து, துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் இறந்தார்கள் என்று ஊர் நினைவு வைத்திருக்கிறது. அவர்களில் மாயக்காள் ஒரு பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனபோது கொல்லப்பட்டவர் என்று அங்கே சொல்கிறார்கள். அவர்கள் பெயரில் ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது, ஆண்டுதோறும் ஏப்ரல் 3இல் மாலை விழுகிறது.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு சர்க்கார் பிடியைத் தளர்த்தவில்லை. கூடவே சீர்திருத்தம் என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. கள்ளர்களுக்கென்று தனி அதிகாரி, ஊர்ப் பஞ்சாயத்துகள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிகள் எல்லாம் வந்தன. திருட்டு ரத்தத்தில் இருக்கிறது என்று சட்டத்தில் எழுதிய அதே அரசாங்கம், படிப்பும் நிலமும் கிணறும் கொடுத்தால் அது போய்விடும் என்று வரவு செலவுத் திட்டத்தில் எழுதியது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றைக்கும் நடக்கின்றன. அந்தப் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களின் முதல் தலைமுறைப் படிப்பு அங்கேதான் ஆரம்பித்தது. குறவர், எருகுலர் போன்றவர்களுக்குக் கிடைத்தது வேலிக்குள் குடியிருப்பு. குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரத்தை சால்வேஷன் ஆர்மி நடத்தியது. தென்னார்க்காட்டில் அஜீஸ் நகர் இருந்தது. சிராலா புகையிலைத் தொழிற்சாலைக்கும் மற்ற இடங்களுக்கும் அந்தக் குடியிருப்புகளிலிருந்து மலிவாகக் கை கிடைத்தது.

நீதிமன்றத்தில் கள்ளர்களுக்காக நின்றவர்களில் முன்னால் இருந்தவர் மதுரையில் தொழில் நடத்திய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரிலிருந்து வந்த அந்த மலையாளியை மக்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடினார்கள். ஆப்பநாட்டு மறவர்கள்மேல் சட்டம் வந்தபோது முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் ரேகை வைக்காதீர்கள் என்று பேசினார். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நீங்கியது. சட்டத்தை ஆராய்ந்த அனந்தசயனம் அய்யங்கார் குழுவின் பரிந்துரைக்குப் பின் நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்று அது ரத்தானது. அந்த நாளைப் பல சமூகங்கள் தங்கள் விடுதலை நாளாக வைத்திருக்கின்றன. ஆனால் சென்னை மாகாணம் 1948லேயே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று இன்னொன்றை இயற்றியிருந்தது. சாதியின் இடத்தில் தனி மனிதனின் பழைய தண்டனைகள் வந்தன. அந்தத் தண்டனைகள் எந்தக் காலத்தில், எந்தச் சட்டத்தில் சேர்ந்தவை என்று கேட்க அதில் இடமில்லை.

எண்ணப்படாதவர்கள் பக்கம் வெளிச்சம் விழுந்தது அமெரிக்காவில். 1939 டிசம்பரில் சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்ட், வறுமைதான் குற்றத்துக்குக் காரணம் என்று சொல்பவர்கள் ஏழைகளின் வழக்குகளை மட்டுமே எண்ணுகிறார்கள் என்று பேசினார். பிறகு நாட்டின் மிகப் பெரிய 70 நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, பொய் விளம்பரம், காப்புரிமை மீறல், தொழிலாளர் சட்ட மீறல் என்று அவற்றுக்கு எதிராக வந்த தீர்ப்புகளைத் தேடினார். 980 கிடைத்தன, ஒரு நிறுவனம்கூடத் தப்பவில்லை. அவற்றில் பெரும்பாலானவை குற்றவியல் நீதிமன்றங்களுக்கே வராததால் குற்றக் கணக்கில் ஏறவில்லை. 1949இல் புத்தகம் வந்தபோது பதிப்பாளர் வழக்குக்குப் பயந்து நிறுவனங்களின் பெயர்களை எடுத்துவிட்டார். பெயர்களோடு அது வெளிவந்தது 1983இல்தான். கீழக்குயில்குடியின் பெயரை அரசிதழில் போட யாரும் அப்படித் தயங்கவில்லை.

போலீஸ் பதிவேட்டை மட்டும் நம்பினால் போதாது என்று அமெரிக்கா 1972 முதலும் பிரிட்டன் 1982 முதலும் வீடு வீடாகப் போய், உங்களுக்கு என்ன நடந்தது என்று மக்களிடமே கேட்கும் கணக்கெடுப்பை ஆரம்பித்தன. போலீசிடம் போகாத குற்றங்கள் எவ்வளவு என்று அப்போதுதான் ஓரளவு தெரியவந்தது. இந்தியா இன்னும் எஃப்.ஐ.ஆரைத்தான் எண்ணுகிறது. 1953ஆம் ஆண்டிலிருந்து வெளிவரும் குற்ற ஆண்டறிக்கையை 1986இல் அமைக்கப்பட்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இப்போது தொகுக்கிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கொடியது மட்டுமே கணக்கில் சேரும். பதிவான வழக்கு கூடியதாலேயே குற்றம் கூடியதாக அர்த்தமில்லை என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது.

2020ஆம் வருஷ அறிக்கை அதற்கு நல்ல சாட்சி. ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த வருஷத்தில் பதிவான வழக்குகள் 28 சதவீதம் கூடி 66 லட்சத்தைத் தாண்டின. திருட்டும் வழிப்பறியும் குறைந்திருந்தன. கூடியதில் பெரும்பங்கு, அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதாகப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் போட்ட 188ஆம் பிரிவு போன்ற ஊரடங்கு வழக்குகள். 2019இல் 29,469 ஆக இருந்த 188 வழக்குகள் 2020இல் 6,12,179 ஆகின. அனுமதி இல்லாமல் தெருவில் இறங்கியவர்கள் அவ்வளவு பேர் கணக்கில் ஏறினார்கள்.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளைச் செல்லாது என்றது. குற்றப் பரம்பரை என்று ஒரு காலத்தில் அறிவிக்கப்பட்டவர்களை வழக்கமான குற்றவாளிகளாக நடத்தும் சிறைக் கையேட்டு விதிகளும் அதில் அடிபட்டன. சிறைப் பதிவேடுகளில் இருக்கும் சாதிக் கட்டத்தையே நீக்கிவிடவும் உத்தரவு வந்தது. தேசியச் சிறைப் புள்ளிவிவரம் கைதிகளைப் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மற்றவர் என்று பிரிக்கிறது. குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீங்கிச் சீர்மரபினர் என்று பெயர் பெற்றவர்களுக்கு அதில் தனி வரிசை கிடையாது. அன்று ஆண் தவறாமல் எண்ணப்பட்ட சமூகங்களிலிருந்து இன்று எத்தனை பேர் விசாரணைக் கைதிகளாக உள்ளே இருக்கிறார்கள் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.